இங்கே எதுவும் விடுபடவில்லை

“லுணுகலையில இருந்து பாரிஸுக்கு எந்த பஸ்ஸு போகுதும்மா?”

ஆய்வுப் பட்டத்துக்குப் பதிவு செய்ய வந்த அன்று, நேர்முகத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். கேட்டவர் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர். பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். இலங்கை மலையகத் தொழிலாளர் வரலாற்றில் பெரிய பெயர். என் விண்ணப்பத்தில் முகவரிக்கான இடத்தில் லுணுகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் லயன் வரிசை வீட்டு இலக்கம் இருந்தது. தலைப்புக்கான இடத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் இறையியல் விவாதங்கள் இருந்தன. இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு அவர் சிரிக்காமல் சொன்னார்:

“நம்ம சனத்தோட கதைய எழுதவே ஆளில்ல. நீங்க போயி எழுநூறு வருசத்துக்கு முந்தின வெள்ளக்காரச் சாமியார்மாரோட சண்டைய எழுதப் போறீங்க. யோசிச்சுத்தான் வந்தீங்களா?”

“யோசிச்சுத்தான் வந்தேங்க சேர்.” குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பதிவு கிடைத்தது. ஆனால் அந்த பஸ் மூன்று வருடங்களாக என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் நீங்கள் மூன்று பேர் துறையில் சேர்கிறீர்கள். உங்களில் ஒருவருக்கு ஜன்னலோர மேசை கிடைக்கும். அது என்னுடையது. இழுப்பறை சிக்கும், சற்றுத் தூக்கி இழுக்க வேண்டும். புதியவர்களுக்கு உதவும்படி ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போங்கள் என்று துறைத் தலைவர் சொன்னார். நூலகக் கணக்கு, படிவங்கள், யாரிடம் எப்போது கையெழுத்து வாங்கலாம் என்பதையெல்லாம் தனித் தாளில் எழுதிவிட்டேன். இது வேறு; வழியிலிருந்து அனுப்புகிறேன். நான் செய்த ஒரு பிழையைப் பற்றியது. பணி அனுபவம் என்று எழுதுவதற்கு ஆட்கள் ஓய்வு பெற்றிருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் எழுதத் தகுந்த பிழையை முந்திக்கொண்டு செய்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். இதை எங்கேயும் சத்தமாகத்தான் சொல்வேன். அம்மா கொழுந்து பறிப்பவர். அப்பா தேயிலைச் செடிகளின் தலையைக் கழிக்கும் கவ்வாத்து வெட்டியவர்; இப்போது முதுகு வலியோடு வீட்டில் இருக்கிறார். இடைக்காலப் பல்கலைக்கழகத்தில் உனக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் அப்பாவின் கதையைச் சொல்வேன். பாரிஸில் ஆசிரியர்களும் மாணவர்களும் நகரத்தோடு சண்டை பிடித்து, பாடங்களை நிறுத்திவிட்டு, ஊரை விட்டே போனார்கள் என்று ஒரு நாள் அவரிடம் சொன்னேன்.

“அப்ப அவங்களும் பெரட்டுக்குப் போகாம நின்னாங்களா?” என்றார் அப்பா. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தைத்தான் நாங்கள் பெரட்டு என்போம்.

“ஆமாப்பா.”

“எத்தன நாளைக்கு?”

“ஒரு தடவ வருசக்கணக்குல.”

அப்பா விசிலடித்தார். “அதுக்கு எந்த யூனியன்?”

“அவங்களேதாம்ப்பா யூனியன். கட்டடமே கெடையாது அப்ப. ஆளுங்க சேந்து ஒரு சங்கமா நின்னாங்க, அந்தச் சங்கத்துக்குத்தான் யூனிவர்சிட்டின்னு பேரு.”

“அப்ப நீ சரியான எடத்துலதான் படிக்கிற” என்றார் அப்பா. வெளித்தேர்வாளருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. அன்றைக்கு வரவில்லை.

பதில் சொல்ல ஒரு அத்தியாயத்தை எழுதினேன். அங்கேதான் பிழை தொடங்கியது.

முதலில் அக்காலத்து விவாத முறையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஓர் இறையியல் ஆசிரியர் ஒரு கேள்வியை எடுத்தால், தன் விடையை உடனே சொல்ல முடியாது. தனக்கு எதிரான வாதங்களை முதலில் வரிசையாக வைக்க வேண்டும். அவற்றை எதிராளி சொல்வதைவிட நன்றாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் “நான் விடை சொல்கிறேன்” என்று வாயைத் திறக்கலாம்.

நான் படித்துக்கொண்டிருந்த, தோலில் எழுதிய கையெழுத்துப் பிரதி பாரிஸில் ஒரு நூலகத்தில் இருக்கிறது. அதன் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் மட்டும் சிக்னல் நன்றாக வரும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பாதியை நான் அங்கே நின்றுகொண்டுதான் இறக்கினேன். பிரதியில் ஒரு கேள்வி: உலகத்துக்குத் தொடக்கம் இருந்தது என்பதை அறிவால் மட்டும் நிறுவ முடியுமா? எதிர்வாதங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன. ஏழாவது வாதம் முடிகிறது. பிறகு முக்கால் பக்கம் வெறுமை. அந்த வெறுமையின் நடுவில், சின்ன எழுத்தில், மூன்றே மூன்று லத்தீன் சொற்கள். தமிழில் சொன்னால்: இங்கே எதுவும் குறையவில்லை. அடுத்த பக்கத்தில் ஆசிரியரின் விடை தொடங்கிவிடுகிறது.

உலகம் தொடக்கமில்லாதது என்பது உட்படப் பல கருத்துகளைப் பாரிஸ் ஆயர் தடைசெய்த காலத்தை ஒட்டிய பிரதி இது. எதுவும் குறையவில்லை என்று யார் எழுதுவார்? எதையோ எடுத்தவன்தான் எழுதுவான். எட்டாவது வாதம் ஒன்று இருந்திருக்கிறது, ஆபத்தான வாதம், அதை மறைத்துவிட்டு ஒரு எழுத்தர் நல்ல பிள்ளைபோல் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அறுபது பக்கம் எழுதினேன். என் ஆய்வின் உயிரே அந்த அத்தியாயம்தான் என்று ஆயிற்று.

என் மேற்பார்வையாளர் நவீன மெய்யியல் படித்தவர். “வேற காரணம் ஏதும் இருக்குமான்னு பாத்தீங்களா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

“பாத்தேன் மெடம்.”

நான் பார்க்கவில்லை. பார்க்க விருப்பமும் இல்லை. என் ஆராய்ச்சியை முனைவர் பட்டத்துக்கு உயர்த்துவதா என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். வெளித்தேர்வாளராக வரப்போகிறவர் அதே பஸ்காரர். அவர் முன்னால் இந்த அத்தியாயத்தைப் படிப்பதை மனதுக்குள் நூறு தடவை ஒத்திகை பார்த்திருந்தேன். ஒவ்வொரு ஒத்திகையிலும் அவர் வாயடைத்துப் போவார்.

கூட்டம் வியாழக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு மத்தியானம் சுகந்தி வீட்டுக்கு வந்தாள்.

சுகந்தி எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசன்காரி. நானும் அவளும் இன்னும் இரண்டு பேரும் ஒன்றாக உயர்தரம் படித்தோம். இப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறாள்.

“யோகா, ஒன் பழைய வரலாறு கொப்பி இருக்காடி? பிள்ளைகளுக்கு நோட்ஸ் எடுத்துக் குடுக்கணும்.”

“எனக்கெங்க தெரியும்? அம்மா, கொப்பி இருக்கா?”

“கட்டிலுக்கடியில ட்ரங்குப் பொட்டியில கெடக்கு. கரையான் தின்னது போக மிச்சம் இருக்கும்” என்றார் அம்மா.

கரையான் அட்டையோடு திருப்திப்பட்டுவிட்டது. சுகந்தி தரையில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினாள். கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

“ஏய், இங்க பாரு! இங்க பிரெஞ்சு ராஜாவுக்குத் தலைய வெட்டிட்டாங்க. நாலு தாளுக்கு அப்புறமாத்தான் அவரு கல்யாணமே கட்டுறாரு!”

“ஒன்னாலதான். பார்ட் ரெண்டை நீ ஒரு வாரம் வச்சிருந்த.”

“எனக்குக் காய்ச்சல்டி!”

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் நாலு பேரில் ஒருவர்தான் சனிக்கிழமை பதுளைக்கு டியூஷன் வகுப்புக்குப் போவோம். முறை வைத்துப் போவோம். போகிறவள் டியூட் என்கிற அந்தப் பாடக் கட்டை ஒன்று வாங்கி வருவாள். அதைப் பிரித்து நாலு பங்காக்குவோம். ஆளுக்கொரு பங்கு. எழுதி முடித்ததும் அடுத்தவளுக்குப் போக வேண்டும். நாங்கள் வேறு வேறு டிவிசனில் இருந்ததால், கொழுந்து நிறுக்க மடுவத்துக்கு வரும் அம்மாமார்தான் பங்குகளைக் கை மாற்றுவார்கள். யாருக்கு எது எப்போது வரும் என்பது அன்றைய கொழுந்தையும் மழையையும் பொறுத்தது. பார்ட் ஒன்று வரும், பார்ட் மூன்று வரும், இரண்டைக் காணோம். காத்திருக்க முடியாது. இரண்டுக்கு எத்தனை பக்கம் போகும் என்று ஒரு குத்துமதிப்பாக இடம் விட்டுவிட்டு மூன்றை எழுதத் தொடங்கிவிடுவோம். பிறகு இரண்டு வந்தால் அந்த இடத்தில் எழுதுவோம். சில நேரம் இடம் போதாது. கடைசி வரிகள் எறும்பாகும். சில நேரம் இடம் மிஞ்சும். ராஜாவின் கல்யாணம் அப்படி எதிலும் அடங்காமல் பின்னால் போய்விட்டது.

“நீ இதையும் எழுதி வச்சிருக்க” என்று சுகந்தி இன்னொரு பக்கத்தைக் காட்டினாள்.

அரைப் பக்கம் வெறுமை. நடுவில் என் கையெழுத்து: ‘இங்க ஒண்ணும் விடுபடல. பயப்படாத.’

அதுவும் அவளுக்காகத்தான். ஒரு தடவை என் கொப்பியை இரவல் வாங்கிப் போனவள், வெறும் பக்கத்தைப் பார்த்து ஒரு பாடமே இல்லை என்று நினைத்து, பரீட்சைக்கு முதல் நாள் மழையில் மேல் டிவிசனிலிருந்து எங்கள் லயன் வரைக்கும் அழுதுகொண்டே ஓடி வந்தாள். அதற்குப் பிறகு நாங்கள் நாலு பேரும் இடம் மிஞ்சினால் அப்படி எழுதி வைப்பது வழக்கமாயிற்று.

நான் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

அக்காலப் பாரிஸில் புத்தகக் கடைக்காரர்கள் ஒரு நூலின் சரிபார்த்த பிரதியைத் தைக்காமல் துண்டு துண்டாக வைத்திருப்பார்கள். மாணவர்களும் எழுத்தர்களும் ஒரு துண்டை வாடகைக்கு எடுத்துப் போய் எழுதிக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த துண்டை வாங்குவார்கள். ஒரே நூலைப் பலர் ஒரே சமயத்தில் எழுத வசதி. அடுத்த துண்டு வேறொருவரிடம் இருந்தால் இடம் விட்டுவிட்டு அதற்கடுத்ததை எடுப்பார்கள். இதைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் இதை நானே ஐந்து பக்கம் எழுதியிருக்கிறேன்! மூன்றாம் அத்தியாயத்தில் மறந்துவிட்டேன். இரண்டாம் அத்தியாயத்தை எழுதியவள் புத்தகங்களைப் படித்து எழுதினாள். மூன்றாம் அத்தியாயத்தை எழுதியவளுக்கு ஒரு மனிதரை வாயடைக்க வைக்கும் அவசரம். இரண்டு பேருக்கும் இந்தக் கொப்பியை எழுதிய பெண்ணின் ஞாபகமே இல்லை.

சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப ஒன் பாரிஸ்காரன் ஒண்ணையும் ஒளிச்சு வைக்கல. எவனோ காய்ச்சல்ல படுத்துக்கிட்டு பார்ட்ட திருப்பித் தரல. அவ்வளவுதானே?” என்றாள்.

“அப்படித்தான் போல இருக்கு.”

“இதுக்கா மூணு வருசம்? என்னையக் கேட்டிருந்தா மூணு நிமிசத்துல சொல்லியிருப்பேனே!”

அம்மாவுக்கு லத்தீன் தெரியாவிட்டாலும் விஷயம் பிடிபட்டுவிட்டது. “கூடையில கொழுந்துக்கு மேல வச்சா நனையும். மடியில வச்சா கசங்கும். ஒங்க பார்ட்டுகள சொமந்த எங்களுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. அதையெல்லாம் உன் பெரிய புத்தகத்துல எழுதினியா?”

எழுதவில்லை.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு போட்டோ கொப்பிக் கடை இருக்கிறது. கடைக்காரர் முஸ்லிம்; அண்ணா என்பதற்கு நானா என்று கூப்பிடுவோம். எங்கள் டியூட்களை அச்சடித்தவர் என்பதால் உயர்தர காலத்திலிருந்தே தெரியும். கையெழுத்துப் பிரதியின் படங்களையும் அவரிடம்தான் அச்செடுத்தேன்; மூலப் படங்கள் அவர் கணினியிலேயே இருந்தன. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் துண்டின் எண் இருக்க வேண்டும். எழுத்தர்கள் எந்தத் துண்டு முடிகிறது என்று ஓரத்தில் குறித்து வைப்பார்கள். என்னிடம் இருந்த அச்சில் ஓரத்தில் ஒன்றுமே இல்லை. அந்த வெறும் ஓரம்தான் என் பழைய அத்தியாயத்துக்குக் கடைசி நம்பிக்கை.

“நானா, இதோட ஓரத்துல ஒண்ணுமே இல்லியே, ஒங்க மெசின் தின்னுருச்சா?”

நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “மெசின் மேல பழி போடாதீங்க தங்கச்சி. நீங்கதானே சொன்னது, ஓரம் வேணாம் நானா, அசிங்கமா இருக்கு, எழுத்து மட்டும் பெருசா வரட்டும் எண்டு. நான் குந்தியிருந்து ஒவ்வொண்ணா வெட்டினேன்.”

உண்மைதான். நான்தான் சொன்னேன். அத்தியாயத்தில் படம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக.

ஓரம் வெட்டாமல் மறுபடி அச்செடுத்தோம். வெறுமை தொடங்கும் இடத்துக்கு நேரே, ஓரத்தில், துண்டு என்பதற்கான சுருக்கமும் ஒரு எண்ணும் தெளிவாக இருந்தன. ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் அது. நான் என்ன தேடுகிறேன் என்று நானா கேட்டார். சொன்னேன்.

“அட, அந்தக் காலத்திலயும் இதே தொல்லையா?” என்றார். “நான் டியூட்ட அழகா ஸ்டேப்ளர் அடிச்சுத் தருவேன். நாலு பேருல யார் வந்தாலும் பஸ் ஏற முந்தி அதப் பிச்சிருவீங்க. எனக்கு எவ்வளவு கோவம் வரும் தெரியுமா?”

கடை வாசலில் நின்று மேற்பார்வையாளருக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மூணு வழி இருக்கு யோகா” என்றார். “இப்ப இருக்கறதையே படிக்கலாம், அந்த அறையில யாருக்கும் இது தெரியப்போறதில்ல, பதிவு உயர்ந்த பிறகு திருத்திக்கலாம். இல்லன்னா ஒத்திப்போடச் சொல்லிக் கேக்கலாம், வெளித்தேர்வாளர் மறுபடி எப்ப வருவார்னு சொல்ல முடியாது. இல்லன்னா உள்ளதச் சொல்லலாம். நான் எதையும் செய்யச் சொல்ல மாட்டேன். உங்க அத்தியாயம்.”

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு திங்கட்கிழமை வரும். அன்றைக்கு முதல் வழி மிக நியாயமாகத் தெரியும். எனக்கும் தெரிந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தபோது ஹாலிஎல வரைக்கும் எப்படிப் பூசி மெழுகலாம் என்றே யோசித்தேன். ஹாலிஎல லுணுகலைக்குப் போகும் பாதையிலேயே இல்லை. பாருங்கள், பதுளையில் தவறான பஸ்ஸில் ஏறியிருந்தேன், அவ்வளவு யோசனை. இறங்கித் திரும்பிப் பதுளைக்கு வந்தபோதுதான் ஒன்று உறைத்தது. மூன்று வருடமாக நான் படித்து வந்த ஆசிரியர்கள் எல்லோரும், தங்களுக்கு எதிரான வாதம் தெரிந்தும் அதைச் சொல்லாமல் விடுவதைத்தான் வெட்கக்கேடு என்று நினைத்தார்கள். அவர்களைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்கப் போகிறவள், அவர்கள் முகத்திலேயே விழிக்க முடியாத காரியத்தைச் செய்து அதை வாங்குவதா?

புதன்கிழமை மழை. வியாழன் காலை பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியவளுக்குப் பதுளை வரைக்கும்தான் வர முடிந்தது. அதற்கப்பால் பாதையில் மண் சரிந்து கிடந்தது. துறைக்குச் சொன்னேன். இணையத்தில் சேர்ந்துகொள்ளுங்கள் என்றார்கள். இணையத்துக்கு எங்கே போவது? நானாவின் கடைக்குத்தான்.

நானா லாமினேட் மேசையை ஒதுக்கி என்னை உட்கார வைத்தார். வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் அடக்கினார். “ஷ்ஷ்! உள்ளுக்குப் பரீட்ச நடக்குது. அடையாள அட்டை கொப்பியா? பத்து நிமிசம் பொறுங்க. மெசினப் போட்டா பிள்ளட வாழ்க்கை போயிரும்.”

திரையில் ஐந்து முகங்கள். நடுவில் அவர்.

தலைப்பை வாசித்தேன். பிறகு சொன்னேன்: “கேள்வி, இந்த வெற்றிடத்தில் ஒரு வாதம் மறைக்கப்பட்டதா என்பது. மறைக்கப்பட்டது என்று தோன்றுகிறது.” என் பழைய அத்தியாயத்தின் காரணங்களை ஒவ்வொன்றாக, என்னால் முடிந்த அளவு வலுவாக வைத்தேன். தடை, காலம், அந்த மூன்று சொற்கள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒத்திகையில் பார்த்த அதே முகம். அங்கேயே நிறுத்தியிருந்தால் போதும். நாக்கு ஒரு கணம் அங்கேயே நிற்கப் பார்த்தது.

“இதற்கு எதிராக,” என்றேன். ஓரத்து எண்ணைக் காட்டினேன். துண்டு முறையைச் சொன்னேன். நானே ஓரத்தை வெட்டியதைச் சொன்னேன். கடைசியாகக் கொப்பியைப் பற்றியும் சொன்னேன்.

எனக்குப் பின்னால் நானா யாருக்கோ “ஷ்ஷ்” என்றார்.

“அப்ப மூணாவது அத்தியாயம் போச்சு?” என்றார் வெளித்தேர்வாளர்.

“போச்சுங்க சேர்.”

“மிச்சம் என்ன இருக்கு?”

“ஒரு கேள்வி இருக்குங்க சேர். துண்டு மாறி வந்தா, விடைய முதல்ல படிச்சிட்டு எதிர்வாதத்தப் பிறகு படிச்சவங்க இருந்திருப்பாங்க. என் கொப்பியில ராஜா செத்த பிறகுதான் அவருக்குக் கல்யாணம் ஆச்சு. நான் அந்தப் புரட்சியப் புரிஞ்சுக்கிட்டதே வேற மாதிரிதான். அவங்களும் அந்த இறையியல வேற மாதிரிப் புரிஞ்சிருப்பாங்களான்னு பாக்கணும். அடுத்துப் படிக்க வர்றவன் பயந்துருவானேன்னு ஒருத்தர் மூணு சொல்லு எழுதி வச்சிருக்காரு. அவரப் பத்தி யாரும் எழுதினதா எனக்குத் தெரியல.”

“அந்தக் கொப்பியக் கேமராவுக்குக் காட்டுங்க.”

காட்டினேன். அவர் திரைக்கு அருகில் வந்து, மெதுவாக வாசித்தார். “இங்க ஒண்ணும் விடுபடல. பயப்படாத.” பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமெடுத்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“இது நல்ல கொப்பி,” என்றார். “ஆனா பாரிஸுக்கு இது சாட்சி ஆகாது. மொத ஒண்ண ஆசப்பட்டு நம்புனீங்க. இப்ப இன்னொண்ண ஆசப்பட்டு நம்புறீங்க. ஓரத்துல எண் இருந்தா மட்டும் போதுமா? எழுதினதச் சுரண்டி எடுத்துட்டு அதுக்கு மேல அந்த மூணு சொல்ல எழுதியிருக்க முடியாதா?”

“முடியுங்க சேர்.”

“தோல்ல சுரண்டுன தடம் இந்தப் படத்துல தெரியுமா?”

“தெரியாதுங்க சேர்.”

“அப்ப? நேர்ல போயி, வெளிச்சத்துல புடிச்சு, கண்ணால...” என்றவர் அப்படியே நின்றுவிட்டார். தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று அவருக்கே புரிந்துவிட்டது.

நான் கேட்டிருக்கக் கூடாது. பெரியவர்களிடம் அப்படிப் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமும் இல்லை. ஆனால் மூன்று வருடமாகத் தலைக்குள் ஓடிய பஸ் அது.

“எந்த பஸ்ல போகட்டுங்க சேர்?”

முதலில் சிரித்தது என் மேற்பார்வையாளர். அடுத்தது அவர். நன்றாகவே சிரித்தார், நாற்காலி பின்னால் சாயும் அளவுக்கு. பின்னால் வரிசையில் நின்றவர்களும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். நானா, பிள்ளை பாஸ் என்று அறிவித்துவிட்டு மெசினைப் போட்டுவிட்டார்.

பாஸ் இல்லை. முடிவை ஒத்திவைத்தார்கள். அந்த ஏட்டை நேரில் பார்த்துவிட்டு, அங்கே இருப்பதை இருக்கிறபடி எழுதிக்கொண்டு வரும்வரை என் பதிவு உயராது. வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்த கட்டுரையையும் அன்றைக்கே எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அந்த மின்னஞ்சலை அனுப்ப எனக்கு நாலு வரி போதுமாக இருந்தது. நாலு மணி நேரம் ஆயிற்று. நூலக அனுமதிக்கும் பயண உதவிக்கும் பரிந்துரைக் கடிதம் எழுதித் தந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே பஸ்காரர்தான்; இரண்டும் கிடைத்தன. கடிதத்தின் கடைசி வரியில், இவருக்குத் தன் பிழையைத் தானே சொல்லத் தெரியும் என்று எழுதியிருந்தார். அதற்கு மேல் எனக்கு எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை.

உங்களுக்குச் சொல்ல இரண்டு விஷயம்தான். சுவாரசியமான காரணம் ஒன்று கையில் கிடைத்தால், அதைக் கொஞ்ச நேரம் வெளியில் உட்கார வைத்துவிட்டு, சலிப்பான காரணங்கள் எல்லாவற்றையும் முதலில் உள்ளே கூப்பிடுங்கள். எதையும் ஓரம் வெட்டி அச்செடுக்காதீர்கள். இன்னொன்று, துறை வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல் ஊரையும் கழற்றி வைத்துவிட்டு வராதீர்கள். ஆனால் ஊரைக் கொண்டுவந்து சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடவும் வேண்டாம். எங்கே பார்க்க வேண்டும் என்று அது காட்டும். பார்ப்பது நம் வேலை.

மேசை இழுப்பறையில் என் ஆய்வுக் குறிப்புக் கொப்பி இருக்கிறது. சில பக்கங்களில் வெறுமை இருக்கும். அங்கே என்ன எழுதியிருக்கிறேன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

வெறுமைக்குக் கீழே சுரண்டிய தடம் இருக்குமா? எனக்குத் தெரியாது. இருந்தால் என் பழைய அத்தியாயத்தை மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அழைப்பேன். இல்லாவிட்டால் அந்தப் பெயர் தெரியாத எழுத்தருக்கு ஒரு புது அத்தியாயம் எழுதுவேன். சுகந்தி இரண்டாவதுதான் என்று பந்தயம் கட்டியிருக்கிறாள்.

சேர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. லுணுகலையிலிருந்து பாரிஸுக்கு நேராக பஸ் கிடையாது. பதுளையில் மாற வேண்டும். நான் மாறிவிட்டேன். கொழும்பு பஸ்ஸில், ஜன்னலோரம், மடியில் அந்தப் பழைய வரலாறு கொப்பியோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கொண்டக்டர் இப்போதுதான் மணி அடித்தார்.